பாலாற்றங்கரையில் ஒரு மணிநேர இருட்டு

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை, இரவு 8.30 முதல் 9.30 வரை விளக்குகளை அணைத்து வைக்கச் சொல்கிறது ‘புவி மணிநேரம்’. டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பு 2007 மார்ச் 31 அன்று சிட்னியில் தொடங்கிய இந்த வழக்கம் 2009இல் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பர் 22இல் வரும் ‘கார் இல்லா நாள்’ இதற்கு உறவு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சில ஆண்டுகளுக்கு முன் தன் ஊழியர்களிடம், புதன்கிழமைகளில் சொந்த வண்டியை விட்டுவிட்டுப் பேருந்திலோ சைக்கிளிலோ வரும்படி கேட்டுக்கொண்டது. மின்சாரத்தையும் மோட்டார் வண்டியையும் கொஞ்ச நேரம் துறந்தால் பருவநிலை மாற்றம் குறித்த விழிப்பு வரும் என்பது இவற்றின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் பரவியிருக்கும் தோல் நகரங்களில் வைத்து உரசிப் பார்க்க வேண்டும். இங்கே ஊரின் தண்ணீரும் கூலியும் கரண்ட்டோடும் வண்டியோடும் பிணைந்து கிடக்கின்றன.

இந்த வழக்கத்தின் பலம் சிறியதல்ல. சுவருக்குள் ஓடும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தினமும் யோசிப்பதில்லை. அணைத்துவிட்டு உட்காரும்போது கேள்வி வருகிறது. அதிலும் பிள்ளைகளுக்கு நிச்சயம் வருகிறது. தனி மனிதர்களின் சிறு செயல் சேர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு 2020 ஏப்ரல் 5 சான்று. கொரோனா ஊரடங்கின்போது பிரதமரின் அழைப்பை ஏற்று இரவு 9 மணிக்கு 9 நிமிடங்கள் வீட்டு விளக்குகள் அணைக்கப்பட்டன. நோக்கம் வேறு. ஆனாலும் நாட்டின் மின்தேவை அந்தச் சில நிமிடங்களில் ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது. மின்தொகுப்பு நிலைகுலையாமல் இருக்க, நீர்மின் நிலையங்களின் உற்பத்தியை மளமளவென்று குறைத்து, உடனே மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. வீட்டு விளக்குகளுக்கு இவ்வளவு கனம் உண்டு என்று அதற்கு முன் எத்தனை பேர் அறிந்திருப்போம்?

ஆனால் விளக்குகள் எரிந்ததும் தேவை பழைய இடத்துக்கே திரும்பியது. அனல்மின் நிலையத்தின் கொதிகலனை ஒரு மணிநேரத்துக்கு அணைத்து மறுபடி பற்றவைக்க முடியாது; உற்பத்தியைக் கொஞ்சம் தணிக்கலாம், அவ்வளவுதான். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. எனவே சேமிப்பு என்ற கணக்கில் புவி மணிநேரம் தேறாது. அதை நடத்துபவர்களும் இது ஓர் அடையாளம் என்றே சொல்கிறார்கள். அப்படியென்றால் விழிப்பு என்ற கணக்கில்தான் அதை எடை போட வேண்டும்.

இருட்டு தானாகவே பாடம் சொல்லித் தருமானால், தமிழ்நாடு 2012இலேயே கற்றிருக்கும். சென்னைக்கு வெளியே பல மணிநேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. வீடுகள் இன்வெர்ட்டர் வாங்கின. தொழிற்கூடங்கள் டீசல் ஜெனரேட்டர் ஓட்டின. கரியமிலப் புகை கூடியதே தவிர, அதைப் பற்றிய யோசனை கூடவில்லை. திணிக்கப்பட்ட இருட்டு வேறு, தானே முன்வந்து ஏற்கும் இருட்டு வேறு என்று சொல்லலாம். அது சரியான பதில்தான். ஆனால் தானே முன்வருவதற்கு நேரமும் இடமும் ஒத்துவர வேண்டும். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் புவி மணிநேரம் ரமலான் மாதத்துக்குள் வந்தது. நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகைக்கு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பள்ளிவாசல்கள் நிறையும் இரவு வேளை அது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. வெயில் ஏறத் தொடங்கிவிட்ட மாதத்தில், ஓட்டு வீட்டிலும் தகரக் கூரை வீட்டிலும் இருப்பவர்களுக்கு மின்விசிறியும் ஒரு மணிநேரம் நிற்க வேண்டும் என்றால் அது வேறு கதை. எங்கோ குறித்த மணிக்கு இங்கே எல்லோரும் ஒத்துப்போக வேண்டும் என்பது இந்த வழக்கத்தின் முதல் குறை.

பெரிய குறை, தோல் பதனிடும் டேனரிக்குள் இருக்கிறது. வேலூர் மாவட்டக் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்தப் பகுதியில் அறியாதவர் குறைவு. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரி ஓடக் கூடாது என்றானது. ஊர்தோறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேரூன்றின. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு அவை போக வேண்டியிருந்தது. அதற்கு என்ன செய்கிறார்கள்? கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் அழுத்தி வடிக்கிறார்கள். மிஞ்சும் உப்பு நீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி வற்றவைக்கிறார்கள். பம்புக்குக் கரண்ட், கொதிகலனுக்கு எரிபொருள். ஆற்றைக் காக்க வானத்தைச் சூடேற்றும் இந்த இக்கட்டுதான் தோல் நகரங்களின் உண்மையான பருவநிலைக் கேள்வி. ஒரு மணிநேர இருட்டு இதைத் தொடுவதே இல்லை. இங்கே விதியை மீறும் டேனரிக்குத் தண்டனையே மின் இணைப்பைத் துண்டிப்பது. ஒழுங்காக ஓடும் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ கரண்ட்தான் உயிர். கழிவைக் கையாள்வதில் தவறினால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை 2015 ஜனவரி 31 அன்று கண்டது. சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிச் சுவர் உடைந்து, கழிவுச் சேற்றில் 10 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

மின்சாரமும் எரிபொருளும் மிச்சமாக வேண்டிய இடம் உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைத் தடவித்தான் அனுப்புகிறார்கள். ஊறவைக்கும் முன் அதை நன்றாக உதறி எடுத்தால், தண்ணீரில் கரையும் உப்பு குறைகிறது, ஆவியாக்கியின் வேலை குறைகிறது, எரிபொருள் குறைகிறது. தண்ணீர் சேர்க்காமல் குரோமியத்தால் பதனிடும் முறையைச் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் செலவழித்த தொழிலில், குறையும் ஒவ்வொரு லிட்டரும் காய்ச்ச வேண்டாத ஒரு லிட்டர். விளக்கை அணைக்கும் விழாவில் யாரும் இதைப் பேசிக் கேட்டதில்லை.

வண்டியின் கதையிலும் இதே கோளாறுதான். ஷூ கம்பெனிகளில் தைக்கவும் ஒட்டவும் வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமப் பெண்கள். கம்பெனி வண்டி, டவுன் பஸ், ஷேர் ஆட்டோ என்று நெருக்கியடித்து வருகிறவர்களிடம் துறக்க என்ன இருக்கிறது? ஆளுக்கு ஒரு காரில் தேசிய நெடுஞ்சாலையில் வருகிறவர்கள்தான் துறக்க வேண்டியவர்கள். அந்த வகையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதன்கிழமை, புவி மணிநேரத்தைவிட நேர்மையானது. கண்காணிக்கும் அதிகாரியே தன்னிலிருந்து தொடங்கியது, வாரந்தோறும் வருவது, ஆண்டுக்கு ஒருமுறை விழாவாக முடிந்துவிடாதது. அதைவிடவும் ஆழமாக வேலை செய்தது 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற ஆணை. அது யாரையும் எதையும் துறக்கச் சொல்லவில்லை; பேருந்தில் ஏறுவதை எளிதாக்கியது.

இந்த மணிநேரத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் டேனரிக் கழிவால் நிலத்தையும் கிணற்றையும் இழந்த பாலாற்று உழவர்களின் இழப்பீட்டுக்காக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்றும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஏற்கெனவே இவ்வளவு விட்டுக்கொடுத்த மக்களிடம் இன்னும் ஒரு மணிநேரத்தைக் கேட்பவர்கள், பதிலுக்கு ஒன்றைத் தர வேண்டும். டேனரி உரிமையாளர் சங்கங்களும் ஷூ ஏற்றுமதி நிறுவனங்களும் அடுத்த மார்ச்சில் விளக்கை அணைப்பதற்கு முன், சென்ற ஆண்டு ஒரு கிலோ தோலுக்குத் தாங்கள் செலவழித்த மின்சாரம், எரிபொருள், தண்ணீர், உப்பு ஆகிய நான்கு எண்களைத் தொழிற்சாலை வாசலில் தமிழிலும் உருதுவிலும் எழுதி வைக்கட்டும். அதற்கடுத்த மார்ச்சில் அவற்றின் பக்கத்தில் புதிய எண்களை எழுதட்டும்.