மழைக்கால டயர்: இரண்டு அறிவுரைகள்

அம்பாசிடரோ பென்ஸ் சி கிளாஸோ, எஞ்சின் விசை பின் சக்கரத்துக்குப் போகும் செடான்களுக்கு இரண்டு அறிவுரைகள் உண்டு. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று, வெளிநாட்டிலிருந்து வருவது: விண்டர் டயர் போடுங்க. அதன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்தது. ராஜபாளையத்தில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் வராது. நம்ம வெயிலில் சீக்கிரம் தேய்ஞ்சுடும். நமக்குச் சவால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான்.

இன்னொன்று உள்ளூர்ப் பேச்சு: ரெண்டு டயர் மட்டும் மாத்தினா புதுசை முன்னாடி போடு. இதுதான் ஆபத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவா காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். இந்த வகைக் காரில் எஞ்சினும் பின் டயரைத்தான் முறுக்குகிறது. தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளம்; ஆழமான பள்ளமுள்ள ஜோடி பின்னாடிதான் இருக்கணும்.

சட்டம் கேட்பது 1.6 மி.மீ. பள்ளம். மழைக்கு அது போதாது, 3 மி.மீ. ஆனதுமே மாத்தச் சொல்வேன். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் தேதி எண்ணையும் பாருங்க: 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம் செய்தது.