முதலில் எண்ண வேண்டிய பணம்

டெல்லி மந்திர் மார்க்கில் வீடு வாங்குவது பற்றிப் பேச அதிகம் இடமில்லை. பிர்லா கோயில், டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, அரசுக் குடியிருப்புகள் என்றே போகும் சாலை அது. மத்திய அரசு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அருகிலுள்ள கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் ஜனக்புரியிலோ துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ ஒரு ஃபிளாட் கைக்கு வர வேண்டும். அதனால் அவர்களுடைய கணக்கு சம்பளச் சீட்டில் தொடங்கியது: மாதம் எவ்வளவு பிடித்தால் வீடு தாங்கும்?

கொழும்பு வெள்ளவத்தையில் கணக்கு மறுமுனையில் தொடங்கும். 1995-இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடர்மாடியில் வீடு வாங்கியவர்கள் முதலில் பார்த்தது கையிலுள்ள காசை. கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்புவது, ஊர்க்காணி விற்றது, நகை. வங்கிக் கடன் கடைசியில்தான் வரும்.

டெல்லிப் பழக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் அதில்தான் விழுகிறார்கள். தவணை கட்ட முடியும் என்று தெரிந்ததுமே வீடு கைக்கெட்டிவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். ஒரு கோடி ரூபாய் ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடனில் ரிசர்வ் வங்கியின் வரம்பு, வீட்டு மதிப்பில் 75 சதவீதம். எனவே 25 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் யார் பெயரில் பத்திரம் என்பதைப் பொறுத்து 6 முதல் 8 லட்சம் வரை ஆகும். இவற்றை வங்கி வீட்டின் மதிப்பில் சேர்க்காது. தரகு வேறு. ஆக 30 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக இருந்தால்தான் அந்தத் தவணைக்கே அர்த்தம். மத்திய அரசு ஊழியருக்கு வீடு கட்டும் முன்பணம் கிடைக்கும் என்றாலும், 34 மாத அடிப்படைச் சம்பளம், 25 லட்சம் இரண்டில் குறைந்ததே அதன் உச்சவரம்பு.

இலங்கையில் தீர்வை இலேசானது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஒரு கோடி இலங்கை ரூபாய் வீட்டுக்கு 3,99,000 ரூபாய். பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கட்டணம் தனி. ஆனால் அங்கே கடனை நம்பிக் கணக்குப் போட முடியாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 20 ஆண்டில் அடைக்கும் 50 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 45,000. 20 சதவீதமானால் சுமார் 85,000. இந்தியாவிலும் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி ஏறியது, ஆனால் 4-லிருந்து 6.5 சதவீதம் வரைதான். வெள்ளவத்தைக்காரர்கள் கடனைக் கடைசியில் வைத்ததை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். அது அந்த நாடு கற்றுக்கொடுத்த நிதானம்.

யார் பெயரில் எழுதுவது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. டெல்லியில் பெண் பெயரில் பதிந்தால் தீர்வை 2 சதவீதம் குறையும். ஒரு கோடிக்கு இரண்டு லட்சம் மிச்சம். யாழ்ப்பாணத்தில் வீடு சீதனமாக மகள் பெயருக்குப் போவது பழைய வழக்கம். ஆனால் அங்குள்ள தமிழரின் தனிச்சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் வீட்டை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வாங்குகிறவர் அதைக் கேட்காமல் முற்பணம் கொடுக்கவே கூடாது.

சொத்துரிமையைச் சரிபார்க்கும் செலவை இரு ஊரிலும் கடைசி வரியில் எழுதுகிறார்கள். நானாக இருந்தால் முதல் வரியில் எழுதுவேன். இலங்கையில் 1840-ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் எழுதாத காணி உறுதி செல்லாது. எழுதும் முன், காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது வழக்கம். டெல்லியில் மலிவாகக் கிடைக்கும் வீடுகள் பல வெறும் பவர் பத்திரத்தில் கைமாறுபவை. அப்படிக் கைமாறுவது உரிமை மாற்றம் ஆகாது என்று 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. முழுப் பணத்தையும் கையிலிருந்து போட்டு வாங்கினாலும், நாளை விற்கப் போகும்போது வருகிறவருக்கும் கடன் கிடைக்காது. விலையும் அதற்கேற்றபடிதான் கேட்பார்கள்.