துரானுக்கு வர்ணம்

ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ 1942ல் எடுத்த முதல் முழுநீளப் படமான ‘கொலையாளி 21ல் வசிக்கிறான்’ வர்ணம் பூசப்பட்ட பிரதியாகப் பார்க்கக் கிடைத்தது. சிரிப்பு வருகிற இடங்களில் சிரிப்பு வருகிறது. பயம் போய்விட்டது.

முதல் கொலையில் காமிராவே கொலையாளியின் கண். லாட்டரியில் பணம் விழுந்த குடிகாரன் இருட்டுத் தெருவில் நடக்கிறான், பின்தொடர்வது நாம். கைத்தடிக்குள்ளிருந்து கத்தி. பிணத்தருகே ‘துரான்’ என்று ஒரு விசிட்டிங் கார்டு. பிரான்சில் தடுக்கி விழுந்தால் ஒரு துரான். பாரிஸில் ஜெர்மன் ராணுவம் இருந்த வருஷம் அது. படமெடுத்த காண்டினென்டல் கம்பெனியே ஜெர்மானியருடையது.

முடிவைச் சொல்லிவிடலாம், ரசம் கெடாது. துரான் என்பது மூன்று பேர். ஒருவன் போலீஸ் பிடியில் இருக்கையில் இன்னொருவன் கொல்வான். (வங்கியில் ஒரே பெயரில் மூன்று கணக்கிருந்தால் கையெழுத்தைப் பார்த்துப் பிரிப்போம்.) க்ளூஸோ பிரிக்கவிடுவதில்லை; விடுதிவாசிகள் எல்லோரும் ஒரே சாம்பலில் கிடக்கிறார்கள். வர்ணக்காரனோ ஆளுக்கொரு கோட்டு நிறம் கொடுத்தாக வேண்டும். கொடுத்ததும் துரான் செத்துப்போகிறான், மூன்று பேர்வழிகள் மிஞ்சுகிறார்கள்.

‘ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்’ வர்ணப் பிரதி வழக்கில் 1991ல் பிரெஞ்சு உச்சநீதிமன்றம் ஜான் ஹூஸ்டனின் வாரிசுகள் பக்கம் நின்றது. க்ளூஸோ 1977லேயே காலமாகிவிட்டார்.