நிரலோடு ஒட்டிய குறிப்பு: ஒரு மதிப்பீடு

திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன பார்ப்பீர்கள்? சுழிப்பிழையை அல்லவா? எங்கள் ஆய்வகத்தில் அதை ஒரு சீட்டில் எழிதிப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவைப்பது வழக்கம். ஒருமுறை, பழுது பார்த்து வந்த அளவி ஒன்றுக்குப் பழைய சீட்டை மாற்ற மறந்துவிட்டேன். அதைப் பயன்படுத்திய மாணவர் அனைவருக்கும் கம்பியின் விட்டம் தவறாகவே வந்தது. சீட்டே இல்லாதிருந்தால் அவர்கள் தாமே பிழையை அளந்திருப்பார்கள். பொய்ச் சீட்டு, சீட்டின்மையைவிடக் கேடானது.

கணிப்பொறி நிரல்களிலும் இத்தகைய சீட்டுகள் உண்டு. நிரலுக்குள்ளேயே, அதை எழுதியவர் மனிதருக்காக எழுதிவைக்கும் விளக்கக் குறிப்புகளே அவை. அவற்றின் நிறை குறைகளை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம்.

பெரிய மென்பொருள் என்பது நூற்றுக்கணக்கான கோப்புகளின் தொகுதி. அவற்றை எந்த வரிசையில் கம்பைலருக்குக் கொடுப்பது, எந்த நிரலகங்களோடு இணைப்பது என்பதைக் கவனிக்கும் கருவிகளுள் ஒன்று சிமேக். புதிய வேலைகளைக் கற்பிக்க, மாட்யூல் எனும் துணை நிரல்களை அதனோடு சேர்க்கலாம். தரவுகளைச் சுருக்க உதவும் இசட்லிப் என்ற நிரலகம் கணிப்பொறியில் எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுக்கும் மாட்யூல் அவற்றுள் ஒன்று.

அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே விளக்கம் இருக்கிறது. தேடல் முடிந்தபின் எந்தெந்த மாறிகளில் விடை கிடைக்கும், தேட வேண்டிய இடத்தை நாம் எப்படிச் சுட்டலாம் என்பவை வரிசையாக உள்ளன. 2022இல் வந்த 3.24 பதிப்பில் சேர்ந்த வசதிக்கு, அது எந்தப் பதிப்பிலிருந்து செல்லும் என்ற குறிப்பும் உண்டு. 2014இல் வெளியான 3.0 பதிப்பிலிருந்து இவ்விளக்கங்கள் ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்னும் எளிய எழுத்துமுறையில் அமைகின்றன. ஆகவே ஒருமுறை எழுதியதே திரையில் உதவிக் குறிப்பாகவும், இணையத்தில் கையேடாகவும் வெளிப்படுகிறது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆனால் தலைப்பகுதியைத் தாண்டி உள்ளே சென்றால் நிலைமை வேறு. இது வழக்கமான தேடல், இனி ஒவ்வொன்றாக முயல்க என்ற பாணியில் சிறு குறிப்புகள் வருகின்றன. அடுத்த வரி செய்வதையே அவை திருப்பிச் சொல்கின்றன. அதே கோப்பு ஒரே நிரலகத்தைப் பல பெயர்களில் தேடுகிறது. ஏன் இத்தனை பெயர்கள், எந்தப் பெயர் எங்கே வழங்குகிறது என்பதற்கு விளக்கம் இல்லை. நிரல் செய்வதை நிரலே சொல்லும். ஏன் செய்கிறது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இது சிறு குறை என்று எண்ணாதீர்கள். தேடல் தவறினால் சில வேளைகளில் தலைப்புக் கோப்பு ஒரு பதிப்பிலிருந்தும் நிரலகம் வேறொரு பதிப்பிலிருந்தும் வந்து சேரும். கம்பைலர் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளலாம். நிரலோ ஓடும்போது தடுமாறும். பிழை பிறந்த இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு. அப்போது காரணம் கூறும் ஒரு வரி, ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. குறிப்பு நிரலின் அருகில் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. நிரலை மாற்றுபவர் குறிப்பை மறந்தால், கம்பைலரோ சிமேக்கோ கண்டுகொள்ளாது. என் ஆய்வகச் சீட்டின் கதைதான்!

இதற்கு மாற்று உண்டா? ஓரளவுக்கு உண்டு. பைத்தான் மொழியில் 2001 முதல் டாக்டெஸ்ட் என்ற வசதி இருக்கிறது. விளக்கத்தில் ஒரு கட்டளையையும் அதன் விடையையும் எடுத்துக்காட்டாக எழுதிவைத்தால், அது கட்டளையை இயக்கி, வரும் விடையை எழுதிய விடையோடு ஒப்பிடும், வேறுபட்டால் அறிவிக்கும். காரணங்களை இப்படிச் சோதிக்க இயலாது, எடுத்துக்காட்டுகளையாவது சோதிக்கலாம். துணை நிரல் எழுதுவோர் தம் விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டையே சோதனை நிரலாகவும் வைத்துக்கொள்வது நலம்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நிரல் எழுதும்போது மூன்றை மட்டும் குறியுங்கள்: என்ன கொடுக்க வேண்டும், என்ன கிடைக்கும், ஏன் இந்த வழி. நிரலைத் திருத்திய கையோடு குறிப்பையும் திருத்துங்கள். அளவியைப் பழுது பார்த்தவரே சீட்டையும் மாற்ற வேண்டும்.