கம்பைல் ஆனால் போதுமா?

வர்த்தகத் தளமான மெட்டாடிரேடர் 4 வந்தது 2005-ல்; மெட்டாடிரேடர் 5 வந்தது 2010-ல். ஆனாலும் எம்கியூஎல்4-ல் எழுதிய பழைய தானியங்கி வர்த்தக ஸ்கிரிப்டுகளை எம்கியூஎல்5-க்கு மாற்றும் வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை. மாற்றுவதற்குக் காரணங்கள் வலுவாகவே இருக்கின்றன. புதிய தளத்தின் சோதனைக் கருவி பல நாணய ஜோடிகளை ஒரே ஓட்டத்தில் சோதிக்கும். தரகரிடம் பதிவான உண்மையான டிக்குகளையும், அதாவது ஒவ்வொரு விலை மாற்றத்தையும், எடுத்துக்கொள்ளும். பழைய கருவியோ ஒரு நிமிடக் கேண்டிலுக்குள் விலை எப்படி ஏறி இறங்கியிருக்கும் என்று தானே ஊகித்து டிக்குகளை உருவாக்கும். சின்னச் சின்ன அசைவுகளில் இலாபம் பார்க்கும் உத்திக்கு அந்த ஊகக் கணக்கை நம்பவே கூடாது. ஆகவே, மாற்றுவது சரிதான். வரிக்கு வரி மாற்றிவிட்டு, கம்பைல் ஆனதும் வேலை முடிந்ததாக எண்ணும் வழக்கத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

2014-ல் எம்கியூஎல்4-ன் இலக்கணமும் எம்கியூஎல்5-க்கு நெருக்கமாக்கப்பட்டது. அந்த ஒற்றுமையே ஏமாற்றுகிறது. பழைய மொழியில் ஐஎம்ஏ என்று அழைத்தால் மூவிங் ஆவரேஜின் மதிப்பு நேராகக் கிடைக்கும். புதியதில் கிடைப்பது அந்த இண்டிகேட்டரைச் சுட்டும் ஓர் அடையாள எண் மட்டுமே. மதிப்பை காப்பிபஃபர் மூலம் தனியாக எடுக்க வேண்டும். பழைய அழைப்பில் கூடுதலாக இருக்கும் கடைசி அளவுருவை மட்டும் நீக்கிவிட்டால் கம்பைலர் அமைதியாகிவிடும். அதன்பின் யூரோ-டாலரின் 1.08 என்ற விலையை ஸ்கிரிப்ட் 10 போன்ற அடையாள எண்ணோடு ஒப்பிட்டு, விலை எப்போதும் சராசரிக்குக் கீழே இருப்பதாக முடிவுகட்டும். காப்பிபஃபரைச் சரியாக எழுதினாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது: வரிசையைத் திருப்பச் சொல்லாவிட்டால், பூஜ்யமாவது இடத்தில் இருப்பது எடுத்தவற்றுள் மிகப் பழைய கேண்டிலின் மதிப்பு. எந்தப் பிழைச் செய்தியும் வராது. பணம் மட்டும் போகும்.

ஆர்டர்களிலும் இதே கதைதான். பழைய தளத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி டிக்கெட், தனி ஸ்டாப் லாஸ். புதியதன் நெட்டிங் கணக்கில் ஒரு ஜோடிக்கு ஒரே பொசிஷன். வாங்கி வைத்திருக்கும்போது விற்றால் கையிருப்புதான் குறையும். 2016-ல், ஒரே ஜோடியில் பல பொசிஷன்களைத் தனித்தனியே வைக்கும் ஹெட்ஜிங் கணக்கும் சேர்ந்ததால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்பார்கள். ஆனால் கையில் இருப்பது எந்த வகைக் கணக்கு என்று ஸ்கிரிப்ட் தானே பார்க்காதவரை தீரவில்லை. பழைய கட்டளைகளை அப்படியே ஏற்கும் நூலகங்கள் அவசரத்துக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய அனுமானங்களையும் அவை சேர்த்தே கொண்டுவந்துவிடும்.

இலாபத்தை ஒப்பிடுமுன் சிக்னல்களை ஒப்பிட வேண்டும். ஒரே காலத் தரவை இரு தளங்களிலும் ஓட்டி, கேண்டில் மூடும்போதெல்லாம் வாங்கவா விற்கவா என்பதை மட்டும் கோப்பில் எழுதிப் பொருத்திப் பார்க்கலாம். அது பொருந்திய பிறகும் இலாபம் வேறுபட்டால், காரணம் டிக்குகளிலோ ஆர்டர் நிறைவேறும் விதத்திலோ இருக்கிறது. சில ஸ்கிரிப்டுகளின் இலாபம் பழைய கருவியின் ஊகத்தில் மட்டுமே இருந்தது என்பதும் அப்போதுதான் தெரியவரும்.