சதுக்கமும் சனங்களும்: நகர்நிர்மாணப் பாவனை விளையாட்டொன்றின் கருத்துநிலை பற்றிய சில குறிப்புகள்

1

திறனாய்வு எமது சூழலில் நூல், நாடகம், திரைப்படம் என்னும் எல்லைகளுக்குள்ளேயே பெரிதும் நின்றுவந்துள்ளது. கணினி விளையாட்டு என்றதும், அது சிறுவரின் பொழுதுபோக்கு என்றோ, முதலாளித்துவப் பண்பாட்டுக் கைத்தொழிலின் இன்னொரு நச்சுப் பண்டம் என்றோ கூறி ஒதுக்கிவிடுவது எளிது. இவ்விரு நிலைப்பாடுகளும் ஆய்வுழைப்பைத் தவிர்ப்பதற்கான வழிகளே. சமூகம் பற்றிய ஒரு முழுமையான மாதிரியைத் தன்னகத்தே கொண்டதும், அம்மாதிரியை நுகர்வோனின் கையாலேயே இயக்குவிப்பதுமான ஒரு கலை வடிவம், நாவலைப் போலவே கருத்துநிலை ஆய்வுக்குரியதாகும்.

இக்கட்டுரை 2015 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிற்றிஸ்: ஸ்கைலைன்ஸ்’ என்னும் நகர்நிர்மாணப் பாவனை விளையாட்டை எடுத்துக்கொள்கிறது. பின்லாந்தின் கொலோசல் ஓர்டர் நிறுவனம் இதனை உருவாக்கிற்று. சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. விளையாடுபவர் மேயரின் நிலையில் இருந்துகொண்டு வீதிகளை வரைகிறார். குடியிருப்பு, வாணிப, கைத்தொழில் வலயங்களை வகுக்கிறார். நீரும் மின்சாரமும் வழங்குகிறார். விளையாட்டு முழுவதையும் இங்கு ஆராய்தல் சாத்தியமன்று. அதனுள் நிகழும் ஒரு செயலை, அதாவது பெருஞ்சதுக்கமொன்றை வடிவமைத்தலை மாத்திரம் நோக்குவோம். விளையாடுவோர் பலர் தமது நகரின் மகுடமாகக் கருதுவது அதனையே. குப்பையும் கழிவுநீரும் போக்குவரத்து நெரிசலும் ஒருவாறு தீர்ந்து, கையில் பணமும் சேர்ந்த பின்னரே சதுக்கம் பற்றிய எண்ணம் எழுகிறது. தேவையின் உலகிலிருந்து அழகின் உலகுக்குக் காலெடுத்து வைக்கும் கட்டம் அது. கருத்துநிலை தன்னை நன்கு மறைத்துக்கொள்வதும் அத்தகைய கட்டங்களிலேதான்.

2

சதுக்கம் உருவாகும் முறையை முதலில் விவரித்தல் வேண்டும்.

நகரின் பழைய மையத்திலேதான் சதுக்கம் பொருந்தும். ஆனால் அங்கு, விளையாட்டின் தொடக்கத்தில் எழுந்த சிறு வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. புல்டோசர்க் கருவியைத் தெரிவுசெய்து அவற்றை ஒவ்வொன்றாக அகற்றவேண்டும். இவ்வகற்றலுக்குச் செலவில்லை. நட்டஈடு இல்லை; வழக்கில்லை; வாயிலில் நின்று மறுப்போர் எவருமில்லை. இவ்விளையாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயரும் வீடும் வேலைத்தலமும் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. பெயருள்ள இம்மாந்தர் வீடிழந்ததும் வேறு வீட்டிற்குப் போகின்றனர். இடமில்லையாயின் நகரைவிட்டு நீங்குகின்றனர். இக்கட்டுரையாளரும் ஒரு மாலைப்பொழுதில் இவ்வாறு ஒரு குடியிருப்பை முழுதாக அகற்றியதுண்டு. அப்பொழுது மனதில் எழுந்தது குற்றவுணர்வன்று. மேசையைத் துடைத்துச் சுத்தஞ்செய்த நிறைவே. அந்நிறைவு எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினா.

வெளி கிடைத்தபின் நடைபாதை வீதிகள் வரையப்படுகின்றன. 2022 இல் வெளிவந்த ‘பிளாஸாஸ் அன்ட் புரொமனேட்ஸ்’ என்னும் விரிவுப்பகுதி இதற்கெனவே அமைந்தது. வாகனமற்ற வலயங்களும், ஒன்றோடொன்று சுவரொட்டி நிற்கும் கட்டடங்களும், குப்பை அகற்றலையும் சரக்கு வழங்கலையும் ஓரிடத்திற் குவிக்கும் சேவை நிலையங்களும் அதில் உண்டு. பின்னர் நீரூற்று, சிலை, மரவரிசை, இருக்கை என்பன ஒழுங்குபடுத்தப்படுகின்றன.

இக்கட்டத்தில் விளையாடுவோரின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. வியன்னாவைச் சேர்ந்த கமில்லோ ஸிற்றே 1889 இல் வெளியிட்ட நூலில், சதுக்கமானது நாற்புறமும் கட்டடங்களாற் சூழப்பட்டு ஓர் அறைபோல் அமையவேண்டும் என்றும், அதன் நடுப்பகுதி வெறுமையாக விடப்பட்டு நினைவுச் சின்னங்கள் ஓரங்களில் நிற்கவேண்டும் என்றும் வாதிட்டார். ஸிற்றேயின் பெயரையே அறியாத விளையாட்டாளர், பலமுறை கட்டியும் அழித்தும், முதல் விதியைக் கண்ணாலேயே கண்டடைகின்றனர். அவர்களுட் பலர் தாமே வடிவமைத்த தூண்களையும் விளக்குகளையும் பிறர் இலவசமாகப் பயன்படுத்த வழங்குகின்றனர். இது உண்மையான ஆக்க உழைப்பு. இவ்வுழைப்பினால் விளையாட்டின் சந்தைப் பெறுமதி உயர்கிறது என்பதும், அவ்வுயர்வின் பெரும்பங்கு உழைத்தோரைச் சேர்வதில்லை என்பதும் வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

3

சதுக்கம் முடிந்ததும் யாது நிகழ்கிறது? அதனைச் சூழவுள்ள நிலப்பெறுமதி உயர்கிறது. நகரப் படத்தில் அப்பெறுமதியை நிற வேறுபாடுகளாற் காணலாம். சதுக்கம் தன்னைச் சுற்றி ஒளிவட்டமொன்றைப் பரப்புவது போலத் தோன்றும். நிலப்பெறுமதியும் கல்வியும் உயர, சுற்றியுள்ள வீடுகள் படிநிலை ஏறி, உயரமும் பொலிவும் பெறுகின்றன. வரி வருமானம் பெருகுகிறது. அழகுக்குக் கிடைக்கும் பரிசு இதுவே.

இங்குதான் நாம் சற்றுத் தரித்து நிற்கவேண்டும். இந்நகரில் நிலப்பெறுமதி உண்டு, நிலவுடைமையாளன் இல்லை. நிலவாடகை ஒரு சமூக உறவு என்பதையும், நிலத்தின் மீதான தனியுடைமையே உழைப்பின் பயனில் ஒரு பகுதியை நிலவுடைமை வர்க்கம் கவர்ந்துகொள்வதைச் சாத்தியமாக்குகிறது என்பதையும் மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் விரிவாக ஆராய்ந்துள்ளார். விளையாட்டிலோ அவ்வுறவு மறைந்துவிடுகிறது. பெறுமதி, மண்ணின் ஈரத்தைப் போல நிலத்துக்கேயுரிய ஓர் இயல்பாகின்றது. மனிதருக்கிடையிலான உறவு பொருளின் பண்பாகத் தோன்றும் பண்ட மாயையை இதனிலும் தெளிவாக வரைந்துகாட்டுதல் அரிது. பெறுமதி உயர்வதால் வெளியேற்றப்படுவோர் எவருமில்லை. எல்லோரும் சேர்ந்து உயர்கின்றனர். மேசையைத் துடைத்த நிறைவின் ஊற்றுக்கண் இதுவே.

இதன் தொடர்ச்சியாக 2023 இல் வெளிவந்த இரண்டாம் விளையாட்டின் அனுபவம் மேலும் சுவையானது. அதில் வாடகை கணக்கிடப்பட்டது. விளைவாக, வாடகை மிகையென்னும் முறைப்பாடு நகரெங்கும் குறியீடுகளாக எழுந்தது, விளையாடுவோர் சலித்தனர். 2024 ஆம் ஆண்டு யூன் மாதத் திருத்தத்தில், கணக்கில் மாத்திரம் வாழ்ந்த ‘நிலவுடைமையாளர்’ நீக்கப்பட்டு, கட்டடப் பராமரிப்புச் செலவு குடியிருப்போருக்கிடையே பங்கிடப்பட்டது. நிலவுடைமை வர்க்கம் ஒரு மென்பொருட் திருத்தத்தால் ஒழிக்கப்பட்ட இந்நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆயினும் அதன் பொருள் ஆழமானது. உறவைச் சற்றே உட்புகுத்தியதும் முரண்பாடும் உடன் வந்தது. முரண்பாட்டைத் தாங்கவியலாத வடிவம், உறவையே மீண்டும் வெளியேற்றிற்று.

இவ்வடிவத்துக்கு ஒரு மரபும் உண்டு. இவ்வகை விளையாட்டுகளின் மூலவரான வில் ரைட், 1989 இல் வெளியிட்ட ‘சிம்சிற்றி’யை உருவாக்குகையில், ஜே பொறெஸ்ரரின் ‘நகர இயக்கவியல்’ என்னும் நூலிலிருந்து பெரிதும் உந்துதல் பெற்றார். 1969 இல் வெளிவந்த அந்நூல் நகரைச் சமன்பாடுகளின் தொகுதியாக நோக்கிற்று. குறைந்த வருமானத்தோருக்கு வீடு கட்டுதல் நகருக்குத் தீங்கென்றும், சேரிகளை இடித்துத் தொழில் முயற்சிகளுக்கு இடமளித்தலே நன்றென்றும் அது முடிவுகூறிற்று. மாதிரியின் எடுகோள்கள் கணிதத்தின் பின்னால் மறைந்துவிடுவதால், அம்முடிவு அரசியற் தெரிவாகத் தோன்றாது இயற்கை விதியாகத் தோன்றிற்று. பிற்கால விளையாட்டுகள் அச்சமன்பாடுகளை அப்படியே கொண்டுள்ளன என்பது எமது வாதமன்று. நகரை மேலிருந்து நோக்கும் பார்வையும், விதிகள் கேள்விக்கப்பாற்பட்டவை என்னும் உணர்வும் மரபாக வந்துள்ளன என்பதே வாதம்.

4

வரலாற்றிலும் சதுக்கங்கள் இவ்வாறே மேலிருந்து வகுக்கப்பட்டன என எவரேனும் கூறலாம். அது உண்மையே. பாரிஸின் வாந்தோம் சதுக்கத்தை எடுத்துக்கொள்வோம். பதினான்காம் லூயியின் மகிமைக்காக எழுந்த அச்சதுக்கத்தில் முதலிற் கட்டப்பட்டவை முகப்புச் சுவர்கள். அவற்றின் பின்னாலுள்ள காணித் துண்டுகள் பின்னர் செல்வந்தருக்கு விற்கப்பட்டன. அரசனின் சிலை நடுவே நிற்க, அதன் ஒளிவட்டத்துள் நிலப்பெறுமதி உயர்ந்தது. இதுவரை வரலாறும் விளையாட்டும் ஒன்றே.

ஆனால் வரலாறு அங்கு நிற்கவில்லை. 1792 இல் புரட்சி அரசனின் சிலையைத் தகர்த்தது. 1810 இல் நெப்போலியனின் வெற்றித்தூண் அவ்விடத்தில் எழுந்தது. 1871 மே 16 ஆம் நாள் பாரிஸ் கொம்யூன் அத்தூணை மக்கள் முன்னிலையில் வீழ்த்திற்று. கொம்யூன் நசுக்கப்பட்டபின் தூண் மீண்டும் நிறுத்தப்பட்டது. அதற்கான செலவை ஓவியர் கூர்பே செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. அவர் சுவிற்சர்லாந்தில் அகதியாக 1877 இல் மறைந்தார். கற்களின் ஒழுங்கு பெரிதும் மாறாதிருந்தும், சதுக்கத்தின் பொருள் வர்க்கப் போராட்டத்தால் நான்கு முறை மாறிற்று.

அதே பாரிஸை 1853 முதல் 1870 வரை இடித்துக் கட்டிய ஓஸ்மானின் முறையை ஏங்கெல்ஸ் 1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றிய தமது கட்டுரைகளில் ஆராய்ந்தார். சேரிகள் ஒழிக்கப்படுவதில்லை, இடம் மாற்றப்படுகின்றன என்பது அவரது முடிபு. ஓஸ்மானுக்குக் கடன் இருந்தது, நட்டஈடு இருந்தது, எதிர்ப்பு இருந்தது, ஈற்றிற் பதவி நீக்கமும் இருந்தது. விளையாட்டின் மேயருக்கோ தேர்தலுமில்லை.

ஓஸ்மானின் நகரமைப்பு கெய்ரோவையும் சென்றடைந்தது. 1867 இல் பாரிஸுக்குச் சென்ற எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில், அம்மாதிரியில் தமது தலைநகரின் புதிய பகுதியை வகுப்பித்தார். அவர் பெயரால் வழங்கிய சதுக்கம், 1952 ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் தஹ்ரீர், அதாவது விடுதலைச் சதுக்கம் ஆயிற்று. 2011 சனவரி 25 முதல் பதினெட்டு நாட்கள் மக்கள் அதனை மையமாகக் கொண்டு போராடினர். அங்கு மருத்துவ நிலையங்களை அமைத்தனர், உணவு பகிர்ந்தனர், குப்பையைத் தாமே கூட்டினர். ஆட்சியாளரின் நகரமைப்பு, ஆட்சியாளரை அகற்றும் கருவியாயிற்று.

பின்னர் நிகழ்ந்ததும் எமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. 2013 இல் இராணுவம் மீண்டும் அதிகாரத்தைக் கைப்பற்றிற்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு சதுக்கத்தை ‘அழகுபடுத்திற்று’. இரண்டாம் றம்சேஸின் கற்றூண் நடுவே நிறுத்தப்பட்டது. கர்னக்கிலிருந்து கொணரப்பட்ட நான்கு சிங்கவுடற் சிலைகள் அதனைச் சூழ வைக்கப்பட்டன. 2021 ஏப்ரில் மாதம் பழைய மன்னரின் சடலங்கள் அதனூடே ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. மக்கள் நின்ற நடுவெளியைச் சின்னத்தால் நிரப்புதல் என்பது, விளையாட்டாளன் தன் சதுக்கத்தின் நடுவே நீரூற்றை வைக்கும் செயலோடு வடிவத்தில் ஒன்றாகும். வேறுபாடு யாதெனில், கெய்ரோவில் அச்செயலுக்கு ஓர் அச்சம் காரணமாயிருந்தது. விளையாட்டில் அஞ்சுவதற்கு எவருமில்லை.

5

எவருமில்லை என்றது முற்றிலும் சரியன்று. விளையாட்டுகளிற் சிலவேளை வேண்டாத விருந்தினர் வந்துவிடுகின்றனர். 2013 ஆம் ஆண்டுச் சிம்சிற்றியில் வீடற்றோர் பூங்காக்களில் தோன்றினர். அவர்களை எவ்வாறு ஒழிப்பதென விளையாடுவோர் தமக்குள் நிகழ்த்திய உரையாடல்களை இத்தாலிய ஆய்வாளரான மத்தேயோ பிற்றாந்தி தொகுத்து நூலாக்கினார். சிற்றிஸ்: ஸ்கைலைன்ஸின் இரண்டாம் விளையாட்டிலும் வீடற்றோர் பூங்காக்களில் அடைக்கலம் தேடுகின்றனர். அங்கும் அது பெரும்பாலும் ஒரு ‘கோளாறு’ என்றே பேசப்பட்டது. தன் அழகிய சதுக்கத்தில் மாசு படிந்துவிட்டதென விளையாட்டாளன் எரிச்சலுறுகிறான். அவ்வெரிச்சல் உலகின் எத்தனையோ மாநகர சபைகளுக்குப் பழக்கமான உணர்வு என்பதை அவன் அறியான். எமது மதிப்பீட்டில், விளையாட்டு உண்மைக்கு மிக அண்மையில் வரும் இடம் இக்‘கோளாறே’.

தொகுத்து நோக்குமிடத்து, இவ்வடிவத்தின் குறைபாடு அது நகரை எளிமைப்படுத்துவதன்று. எந்தக் கலையும் எளிமைப்படுத்தியே ஆகவேண்டும். வெளி என்பது சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என ஹென்றி லெபெவ்ர் 1974 இல் விளக்கினார். திட்டமிடுவோர் கருதும் வெளியும் மக்கள் வாழும் வெளியும் ஒன்றோடொன்று முரண்படுவதிலேயே அதன் இயக்கம் தங்கியுள்ளது. விளையாட்டு முதலாவதை வியத்தகு நுணுக்கத்துடன் கணக்கிடுகிறது. இரண்டாவதைத் தலைக்கு மேலெழும் குறியீடாகச் சுருக்குகிறது. அதனாலேயே அங்கு சதுக்கம் ஒருநாள் ‘முடிந்துவிடுகிறது’. வாந்தோமும் தஹ்ரீரும் இன்னும் முடியவில்லை.

இவ்விளையாட்டுகளைப் புறக்கணிக்குமாறு நாம் கோரவில்லை. நகரைத் திட்டமிடுவோன் எவ்வாறு காண்கிறான் என்பதை எந்தப் பாடநூலும் இத்தனை எளிதாகக் கைக்குப் புகட்டுவதில்லை. அப்பார்வையின் இன்பத்தைத் தானே நுகர்ந்தவனே அதன் ஆபத்தையும் நேர்மையாகப் பேசமுடியும். ஆனால் முற்போக்குத் திறனாய்வு இரண்டு கேள்விகளை இடைவிடாது எழுப்பவேண்டும். உயர்ந்த நிலப்பெறுமதி யாருடைய கைக்குப் போயிற்று? இடிக்கப்பட்ட வீட்டில் இருந்தவர் எங்கே? இவ்விரு கேள்விகளுக்கும் மறுமொழி சொல்லும் வகையில் விதிகள் எழுதப்பட்ட ஒரு விளையாட்டு தொழில்நுட்ப அளவில் இயலாததன்று. வாடகையைக் கணக்கிட்ட இரண்டாம் விளையாட்டே அதற்குச் சான்று. அத்தகைய விளையாட்டிற் சதுக்கம் கட்டுவது கடினமாயிருக்கும். அக்கடினத்தை விளையாட்டின் சுவையாக மாற்றுவதே இனிவரும் படைப்பாளிகளின் பணியாகும்.