நிறுத்திவைத்து அளக்கும் ஆயுள்

சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு ஆய்வுக்கூடத்தில் வேறொரு வேலையும் உண்டு. அது பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ பாலிமரேஸில் ஒட்டிக்கொண்டு, புதிய படியெடுப்பு தொடங்காமல் தடுத்துவிடும். வரவு நின்றால் இருப்பு கரையும் வேகம் தெரியும். மருந்தைப் போட்டுச் சில நிமிட இடைவெளிகளில் மாதிரி எடுத்தால், தூது ஆர்.என்.ஏவின் அரை ஆயுள் கிடைத்துவிடுகிறது. 2002இல் பெர்ன்ஸ்டீன் குழு ஈ.கோலையில் கண்டபடி, சுமார் 80 சதவீத தூது ஆர்.என்.ஏக்களின் அரை ஆயுள் 3 முதல் 8 நிமிடம்.

ஒப்பிடுவதற்கு இம்முறை அருமையானது. தூது ஆர்.என்.ஏவைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் ஈ நொதி பழுதான திரிபையும் இயல்பான செல்லையும் அருகருகே வைத்து அளந்தால், முறையின் கோளாறு பெரும்பாலும் இருபக்கமும் ஒன்றுதான், வித்தியாசத்தை நம்பலாம். செலவும் குறைவு.

தனி எண்ணாக எடுக்கும்போதுதான் வில்லங்கம். ரிஃபாம்பிசின் தடுப்பது தொடக்கத்தை மட்டுமே. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாலிமரேஸை அது தொடுவதில்லை. நொடிக்கு 45 நியூக்ளியோடைடு வேகத்தில் 10,000 நியூக்ளியோடைடு நீள ஓபரானைக் (ஒரே தொடராகப் படியெடுக்கப்படும் மரபணு வரிசையை) கடக்க ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். மருந்து போட்ட பிறகும் அந்த 4 நிமிடம் கடைசி மரபணுவின் படிகள் வந்துகொண்டே இருக்கும். அளக்கப் புகுந்த ஆயுளே அவ்வளவுதான் என்பதை மறக்கக்கூடாது! பூஜ்ய நிமிடத்திலிருந்தே கோடு பொருத்துபவருக்கு, வால்பக்க மரபணு நீடித்து நிற்பதுபோல் தோன்றும். 2015இல் சன்னி ஷியே குழு இந்த மிச்ச உற்பத்திக் கட்டத்தைத் தனியே பிரித்துக் காட்டியது. படியெடுப்பு முடியுமுன்பே சிதைவு தொடங்கிவிடுவதும் அப்போது தெரிந்தது.

பிழை அங்கேயே நிற்பதில்லை. செல்லில் உள்ள அளவையும் அரை ஆயுளையும் வைத்து உற்பத்தி வேகத்தைக் கணக்கிடுவது வழக்கம். ஆயுள் கூடுதலாகப் பதிவானால், சுறுசுறுப்பான மரபணு சோம்பேறியாகத் தெரியும்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இரும்புப் பஞ்சத்தில் ஈ.கோலை உண்டாக்கும் ஆர்.ஒய்.எச்.பி என்ற குறு ஆர்.என்.ஏ, எஸ்.ஓ.டி.பி தூது ஆர்.என்.ஏவோடு இணைய, இரண்டுமே சேர்ந்து அழிகின்றன. மருந்து இரண்டின் உற்பத்தியையும் ஒருசேர நிறுத்துகிறது. அதன்பின் அளப்பது உயிரோட்டமான செல்லின் சமநிலையை அல்ல.

புதிய ஆர்.என்.ஏவைத் தயோயுராசிலால் அடையாளமிடுவது போன்ற மாற்று வழிகள் மருந்தைத் தவிர்த்தாலும், அடையாளப் பொருள் செல்லுக்குள் போய்ச் சேரும் தாமதம் நிமிடக் கணக்கிலான ஆயுளுக்கு இடைஞ்சல். ஆகவே ரிஃபாம்பிசினைக் கைவிடச் சொல்லமாட்டேன். மரபணு ஓபரானில் எங்கே இருக்கிறது, கோடு எந்த நிமிடத்திலிருந்து பொருத்தப்பட்டது என்ற இரண்டும் அரை ஆயுளுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.